மென்பொருளில் பார்த்துக்கொள்ளலாம் என்போருக்கு

மென்பொருள் வானொலியைத் திட்டப்பணியாக எடுத்துக்கொண்டுள்ள மின்னணு, தகவல்தொடர்புப் பொறியியல் மாணவர்களுக்கும், அத்திட்டப்பணிகளை வழிநடத்தி மதிப்பிடும் ஆசிரியர்களுக்கும்,

ஆன்டெனா பற்றும் மின்காந்த அலையை இயன்ற அளவு முன்னதாகவே எண்களாக மாற்றிவிட்டு, வேண்டிய அலைவரிசையைப் பிரித்தெடுத்தல், வடிகட்டுதல், அலையில் ஏற்றப்பட்ட செய்தியை மீட்கும் பண்பிறக்கம் ஆகிய பணிகளைக் கம்பிச்சுருளும் மின்தேக்கியும் செய்யாமல் நிரல்கள் செய்யுமாறு அமைக்கப்பட்ட கருவியே மென்பொருள் வானொலி எனப்படுகிறது. தொலைக்காட்சி பார்ப்பதற்கென்று செய்யப்பட்ட சில யூஎஸ்பி டாங்கிள்கள், தமக்குக் கிடைக்கும் மாதிரிகளைப் பண்பிறக்காமல் அப்படியே கணினிக்கு அனுப்பவல்லவை என்பது 2012ஆம் ஆண்டளவில் பரவலாகத் தெரியவந்த பின்னர், அதுவரை பெரும்பாலும் ஆய்வகங்களுக்கும் படைத்துறைக்குமே எட்டியிருந்த இக்கருவி கல்லூரி மாணவர் கைக்கு எட்டும் விலைக்கு இறங்கிவிட்டது. 2001இல் தொடங்கப்பட்ட குனூ ரேடியோ என்னும் கட்டற்ற மென்பொருளைக் கொண்டு, திரையில் கட்டங்களை இழுத்து இணைத்தே ஒரு வாங்கியை ஒரு பிற்பகலில் அமைத்துவிடவும் முடிகிறது. இந்த எளிமையோடு ஒரு பழக்கமும் சேர்ந்தே வந்திருக்கிறது. வடிவமைப்பில் விடை தெரியாத கேள்வி எழும்போதெல்லாம் ‘அதை மென்பொருளில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்லி அடுத்த வேலைக்குப் போவது, திட்டப்பணிக் குழுக்களிலும் பெரிய நிறுவனங்களின் வடிவமைப்புக் கூட்டங்களிலும் ஒருசேரக் கேட்கும் பேச்சாகிவிட்டது. அப்படித் தள்ளிப்போடப்படும் கேள்விகளில் பெரும்பாலானவை மென்பொருளால் விடைகாண இயலாதவை என்பதும், மென்பொருள் தரும் நெகிழ்ச்சி இலவசமாகக் கிடைப்பதன்று, எல்லை குறித்து விலை கணக்கிட்டு வாங்க வேண்டிய ஒரு பண்பு என்பதும்தான் இம்மடல் முன்வைக்கும் வாதம்.

இவ்வாதத்திற்குத் துணையாவது முறைமைப் பொறியியல். பல துறைப் பொறியாளர்கள் செய்யும் பகுதிகள் ஒன்றுசேர்ந்து ஒரே முறைமையாக இயங்கவேண்டிய இடத்தில், பயன்படுத்துவோரின் தேவையை அளந்து பார்க்கத்தக்க வாக்கியங்களாக எழுதி, அவ்வாக்கியங்களைப் பகுதிகளுக்குப் பங்கிட்டு, பகுதிகள் சந்திக்கும் இடைமுகங்களை உறுதிசெய்து, முடிவில் ஒவ்வொரு வாக்கியமும் நிறைவேறியதா என்று சரிபார்க்கும் ஒழுங்கே அது. ஐஎஸ்ஓ 15288 என்னும் பன்னாட்டுத் தரம் இதன் செயல்முறைகளை விரிவாக வகுத்துள்ளது. அத்தரத்தின் படிவங்களை நிரப்புவதே முறைமைப் பொறியியல் என்று எண்ணி அலுத்துப்போனவர்கள் பலர். அவர்களுடைய அலுப்பில் நியாயம் உண்டு. ஆயினும் மென்பொருள் வானொலியைப் பொறுத்தவரை, படிவங்களுக்குப் பின்னால் இருக்கும் கேள்விகளைத் தவிர்த்தவர்கள் கொடுத்த விலை பொதுவெளியில் பதிவாகியிருக்கிறது.

ஜோசப் மிட்டோலா 1990களின் தொடக்கத்தில் மென்பொருள் வானொலி பற்றிய கட்டுரைகளை வெளியிட்டபோது, ஆன்டெனாவுக்கு மிக அருகிலேயே இலக்கமாக்கலைச் செய்துவிட்டு எஞ்சிய யாவற்றையும் நிரலிடம் விடும் கருவியையே இலட்சியமாக வரைந்து காட்டினார். அமெரிக்கப் படைத்துறையின் ஸ்பீக்ஈஸி என்னும் ஆய்வுத்திட்டம் அதே காலத்தில் அவ்விலட்சியத்தை நோக்கி நகர்ந்து, ஒன்றோடொன்று பேச இயலாத பழைய வானொலிகள் பலவற்றின் வேலையை ஒரே கருவியால் செய்ய முடியும் என்று காட்டியது. அந்த வெற்றியின் தெம்பில் 1990களின் பிற்பகுதியில் உருவானதே ஜாயின்ட் டாக்டிகல் ரேடியோ சிஸ்டம், சுருக்கமாக ஜேடிஆர்எஸ். தரைப்படை, கடற்படை, வான்படை, கடற்படைக் காலாட்படை ஆகிய அனைத்துக்கும் 2 மெகாஹெர்ட்ஸ் முதல் 2 கிகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் ஒரே வானொலிக் குடும்பத்தைத் தருவது அதன் குறிக்கோள். தொடக்கத்தில் முப்பதை ஒட்டிய எண்ணிக்கையில் அலைவடிவங்கள் கேட்கப்பட்டன. அலைவடிவம் என்பது இங்கே அலையின் உருவத்தை மட்டும் குறிப்பதன்று. பண்பேற்ற முறை, பிழைதிருத்தக் குறியீடு, மறையாக்கம், வலையமைப்பு விதிகள் ஆகியன சேர்ந்த ஒரு முழுத் தொடர்பு நெறிமுறையையே அச்சொல் குறிக்கிறது.

அந்த அலைவரிசை வீச்சை ஒரு நொடி எண்ணிப் பார்த்தாலே சிக்கல் புலப்படும். 2 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 150 மீட்டர், 2 கிகாஹெர்ட்ஸில் 15 சென்டிமீட்டர். ஆயிரம் மடங்கு வேறுபடும் இவ்விரு அலைநீளங்களுக்கும் ஒரே ஆன்டெனா திறம்பட இயங்காது என்பது எந்த நிரலாலும் திருத்தப்பட இயலாத இயற்பியல். ஆன்டெனாவை அடுத்துள்ள வடிகட்டிகளும் ஆற்றல் பெருக்கிகளும் அவ்வாறே பட்டைக்குப் பட்டை வேறுபட்டாக வேண்டும். ஆகவே ‘ஒரே வானொலி’ என்பது நடைமுறையில் பல வானொலிகளின் முன்முனைகளை ஒரே பெட்டிக்குள் திணிப்பதாக முடிந்தது. வாகனங்களிலும் ஹெலிகாப்டர்களிலும் பொருத்தப்பட வேண்டிய கருவிக்கான ஒப்பந்தம் 2002இல் போயிங் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டு மூன்று ஆண்டுகளுக்குள், அதன் பருமனும் எடையும் மின்தேவையும் ஹெலிகாப்டர்களில் பொருத்துவதற்கு உகந்த அளவில் இல்லை என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் எழுதியது. பாதுகாப்பு, மறையாக்கம் பற்றிய தேவைகளும் வடிவமைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே மாறிக்கொண்டும் கூடிக்கொண்டும் இருந்தன. 2006இல் திட்டம் மறுசீரமைக்கப்பட்டு, கேட்கப்பட்ட அலைவடிவங்கள் ஒன்பதாகக் குறைக்கப்பட்டன. வாகனக் கருவி 2011 அக்டோபரில் கைவிடப்பட்டது. செலவானது பல நூறு கோடி டாலர்.

இதைத் திறமைக் குறைவின் கதையாகப் படிப்பது தவறு. அங்கே பணிபுரிந்தோர் தம் துறையில் தேர்ந்தவர்கள். கணினிச் சில்லுகளும் ஆண்டுதோறும் வேகம் கூடிக்கொண்டே வந்தன. குறை தேவைகளை எழுதிய விதத்தில் இருந்தது. எதிர்காலத்தில் எந்த அலைவடிவம் வந்தாலும் ஏற்கவேண்டும் என்னும் வாக்கியத்தை எவராலும் சரிபார்க்க முடியாது. சரிபார்க்க முடியாத வாக்கியத்துக்கு விலைமதிப்பிடவும் முடியாது. விலை தெரியாத நெகிழ்ச்சியை எல்லோரும் தாராளமாகக் கேட்பார்கள். இதற்கு மாறாக, அதே காலத்தில் தனியார் நிறுவனங்கள் சில தம் சொந்த முதலீட்டில், குறுகிய பட்டைகளுக்கும் சில அலைவடிவங்களுக்கும் மட்டும் வரையறுத்துச் செய்த கருவிகள் களத்துக்குச் சென்று பயன்பட்டன என்பது கவனிக்கத்தக்கது.

ஒரு கல்லூரித் திட்டப்பணிக்கு இவ்வளவு பெரிய உதாரணம் எதற்கு என்ற ஐயம் எழலாம். ஆகவே மொட்டைமாடியில் செய்யத்தக்க ஒன்றை எடுத்துக்கொண்டு, முறைமைப் பொறியியலின் கணக்கு அதில் எவ்வாறு வேலை செய்கிறது என்று பார்ப்பது தகும். நோவா-15, நோவா-18, நோவா-19 ஆகிய அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்கள் 137 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசைகளில் ஏபிடி என்னும் ஒப்புமைப் படங்களைப் பல்லாண்டுகளாக அனுப்பிவந்தன. மேகங்களின் படத்தைத் தம் கையால் பெறுவது மென்பொருள் வானொலி கற்போரின் முதல் பாடமாகவே இருந்தது. 2025இன் ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான சில வாரங்களில் இம்மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகப் பணிநிறுத்தம் செய்யப்பட்டன. ஏபிடிக்குத் தேவையான பட்டை அகலம் சுமார் 40 கிலோஹெர்ட்ஸ். அந்த அகலத்துக்கென்று வன்பொருள் வடிகட்டி வைத்துச் செய்யப்பட்ட வாங்கிகள் அன்றோடு பயனற்றுப்போயின. ஆனால் அதே பட்டையில் ரஷ்யாவின் மெட்டியோர்-எம் வரிசைச் செயற்கைக்கோள்கள் எல்ஆர்பிடி என்னும் இலக்க முறையில், நொடிக்கு 72,000 குறியீடுகள் வீதம், ஏறத்தாழ 120 முதல் 150 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் படங்களை அனுப்புகின்றன. மென்பொருள் வாங்கி வைத்திருந்தோர் ஆன்டெனாவையும் பெருக்கியையும் தொடாமல், நிரலை மட்டும் மாற்றி அவற்றுக்குத் தாவ முடிந்தது. ஜேடிஆர்எஸ் வாக்களித்த நெகிழ்ச்சி இங்கே பலித்ததற்குக் காரணம் அது குறுகியது என்பதே: அலைவரிசை அதே, அலையின் வட்ட முனைவாக்கம் அதே, மாறியது பண்பேற்றமும் பட்டை அகலமும் மட்டுமே.

இனித் தேவையை எழுதவேண்டும். ‘செயற்கைக்கோள் தொடுவானில் எழுவது முதல் மறைவது வரை படம் பெறவேண்டும்’ என்று எழுதுவதே எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்ய இணைப்புக் கணக்கு என்னும் கூட்டல் கழித்தல் போதும். ஆற்றல்களை 1 மில்லிவாட்டுடன் ஒப்பிட்டு டெசிபெலில் சொல்லும் அலகு டிபிஎம். அனுப்பும் ஆற்றல் 5 வாட் என்று கொண்டால் அது 37 டிபிஎம். செயற்கைக்கோள் சுமார் 820 கிலோமீட்டர் உயரத்தில் நேர் தலைக்குமேல் இருக்கும்போது வெளியில் பரவுவதால் ஏற்படும் இழப்பு 133 டெசிபெலை ஒட்டியும், தொடுவானில் 3,300 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்போது 145 டெசிபெலை ஒட்டியும் அமையும். எத்திசையிலும் சமமாக வாங்கும் ஆன்டெனாவாகக் கொண்டால், கிடைக்கும் குறிகை முதல் நிலையில் சுமார் மைனஸ் 96 டிபிஎம், இரண்டாம் நிலையில் மைனஸ் 108 டிபிஎம்.

குறிகை எவ்வளவு என்பது பாதிக் கணக்கு. இரைச்சல் எவ்வளவு என்பது மறுபாதி. அறை வெப்பநிலையில் எந்த மின்தடையும் ஒரு ஹெர்ட்ஸுக்கு மைனஸ் 174 டிபிஎம் இரைச்சலைத் தருகிறது; 150 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு அது மைனஸ் 122 ஆகிறது. அதன்மேல் வாங்கி தானே சேர்க்கும் இரைச்சலை அளப்பது இரைச்சல் எண். மலிவான டாங்கிளின் இரைச்சல் எண்ணை 6 டெசிபெல் என்றும், மாடியிலிருந்து அறைக்கு வரும் மெல்லிய கோஆக்சியல் கேபிளின் இழப்பை 3.5 டெசிபெல் என்றும் வைத்துக்கொண்டால் மொத்தம் 9.5. ஆன்டெனாவின் அடியிலேயே 20 டெசிபெல் பெருக்கமும் 1 டெசிபெல் இரைச்சல் எண்ணும் கொண்ட பெருக்கியைப் பொருத்தி, அதற்கு முன் 1 டெசிபெல் இழப்புள்ள வடிகட்டியையும் வைத்தால், தொடரின் முதல் உறுப்பே பெரும்பாலும் இரைச்சலைத் தீர்மானிக்கிறது என்னும் ஃபிரிஸ் சூத்திரத்தின்படி மொத்தம் 2.3 டெசிபெலுக்கு இறங்கிவிடும். ஏழு டெசிபெல் லாபம் என்று கண்டதும் குழு பெருக்கிக்குப் பணம் ஒதுக்கிவிடும். கணக்கை இங்கேயே நிறுத்தும் திட்ட அறிக்கைகளுக்குக் குறைவில்லை.

நிறுத்தக்கூடாத இடம் அது. 137 மெகாஹெர்ட்ஸில் ஆன்டெனா வானத்தை மட்டும் கேட்பதில்லை. எல்இடி விளக்குகள், இன்வெர்ட்டர்கள், சுவிட்ச்-முறை மின்வழங்கிகள், மோட்டார்கள் எழுப்பும் மனித இரைச்சலையும் கேட்கிறது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.372 பரிந்துரை தரும் சூத்திரத்தின்படி அவ்விரைச்சல் இந்த அலைவரிசையில் வெப்ப இரைச்சலைவிடக் குடியிருப்புப் பகுதியில் சுமார் 13 டெசிபெலும், நகர வணிகப் பகுதியில் சுமார் 17 அல்லது 18 டெசிபெலும், ஊர்ப்புறத்தில் சுமார் 8 டெசிபெலும் மேலே நிற்கிறது. இதையும் சேர்த்துக் கூட்டினால், குடியிருப்புப் பகுதியில் பெருக்கி இல்லாத வாங்கியின் மொத்த இரைச்சல் 14.5 டெசிபெல், பெருக்கியுள்ள வாங்கியினுடையது 13.2 டெசிபெல். ஏழு டெசிபெல் என்று எண்ணி வாங்கிய பெருக்கி நகரத்து மாடியில் தருவது ஒன்றேகால் டெசிபெல் அளவே. அதே பெருக்கி ஊர்ப்புறத்தில் மூன்று டெசிபெல் தரும். ஆன்டெனாவை மாடியில் உள்ள இன்வெர்ட்டரிலிருந்து பத்து மீட்டர் தள்ளி நடுவது, காசு செலவின்றியே அந்தப் பெருக்கியைவிடப் பயன் தரக்கூடும் என்பது உறுப்புகளைத் தனித்தனியே பார்ப்பவருக்குப் புலப்படாமல், முறைமை முழுவதையும் சேர்த்துக் கூட்டுபவருக்கு மட்டுமே புலப்படும் முடிவு.

இக்கணக்கின்படி குடியிருப்புப் பகுதியில் குறிகைக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி தொடுவானில் ஏறத்தாழச் சுழியம், தலைக்குமேல் 12 டெசிபெல், தொடுவானுக்கு மேல் 25 பாகையில் 7 டெசிபெல். ஆகவே ‘தொடுவானம் முதல் தொடுவானம் வரை’ என்ற தேவை நகரத்தில் நிறைவேறாது. ‘25 பாகைக்கு மேல் உள்ள நேரம் முழுவதும் பிழையற்ற படச்சட்டங்கள் கிடைக்கவேண்டும்’ என்று எழுதுவதே நேர்மையானது. அவ்வாறு எழுதிய வாக்கியத்தைத்தான் பின்னர் சோதித்துப் பார்க்க முடியும்.

வலுவான அண்டைக்குறிகை இதைவிடக் கடினமான கேள்வி. 137 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே, 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை, பண்பலை நிலையங்கள் இருக்கின்றன. பயனுறு கதிர்வீச்சு ஆற்றல் 10 கிலோவாட் கொண்ட ஒரு நிலையம் தடையின்றித் தெரியும் 5 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால், அதே ஆன்டெனாவில் அது சுமார் மைனஸ் 16 டிபிஎம் அளவுக்கு விழும். தேடும் குறிகை மைனஸ் 108. இரண்டுக்கும் இடையே 92 டெசிபெல், அதாவது நூறு கோடி மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு. அலையை எண்ணாக மாற்றும் ஒப்புமை-இலக்க மாற்றியின் இயங்கு வீச்சு, அதாவது அது ஒரே நேரத்தில் கையாளும் மிகப்பெரிய குறிகைக்கும் மிகச்சிறிய குறிகைக்கும் உள்ள இடைவெளி, பிட் ஒன்றுக்கு ஏறத்தாழ 6 டெசிபெல். டாங்கிளின் 8 பிட் மாற்றிக்கு அது 50 டெசிபெல். நொடிக்கு 24 லட்சம் மாதிரிகள் எடுத்து அதை 150 கிலோஹெர்ட்ஸுக்கு நிரல் வடிகட்டும்போது இன்னும் 12 டெசிபெல் கூடும். பெரிய மாற்றியாகப் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று தோன்றலாம். 16 பிட் மாற்றியின் கொள்கையளவிலான வீச்சு 98 டெசிபெல் என்பது உண்மையே. ஆனால் பண்பலைக் குறிகை மாற்றியை எட்டுவதற்கு முன்பே, அதற்கு முன்னுள்ள பெருக்கியைச் செறிவடையச் செய்து அதன் பெருக்கத்தைக் குறைத்துவிடும். அங்கே அழிந்த குறிகையை எந்தக் கணிப்பு முறையும் பின்னர் மீட்டுத் தராது. பெருக்கிக்கு முன் பட்டை வடிகட்டி வைத்தாக வேண்டும். வைத்தால் அதன் இழப்பு முழுவதும் இரைச்சல் எண்ணில் சேர்ந்துவிடும். பெருக்கிக்குப் பின் வைத்தால் இரைச்சல் எண் காப்பாற்றப்படும், பெருக்கி காப்பாற்றப்படாது. நகரத்தில் எப்படியும் வெளி இரைச்சலே மேலோங்குவதால் 1 டெசிபெல் இழப்பைப் பொறுத்துக்கொண்டு வடிகட்டியை முன்னால் வைப்பதும், பண்பலை நிலையங்கள் தொலைவில் உள்ள ஊர்ப்புறத்தில் அதைப் பின்னால் வைப்பதும் சரியான தேர்வுகள். ஒரே சுற்றுக்கு இரண்டு இடங்களில் இரண்டு விடைகள் வருவதால்தான், கருவி இயங்கவிருக்கும் சூழலையும் தேவைப் பட்டியலிலேயே எழுதவேண்டும் என்று முறைமைப் பொறியியல் வற்புறுத்துகிறது.

படிகம் பற்றி ஒரு சொல். பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழையுள்ள அலையியற்றி 137 மெகாஹெர்ட்ஸில் 137 ஹெர்ட்ஸ் விலகும். ஐம்பது பங்கு பிழையுள்ள மலிவுப் படிகம் ஏழு கிலோஹெர்ட்ஸை ஒட்டி விலகும், செயற்கைக்கோளின் வேகத்தால் நேரும் டாப்ளர் விலகலோ ஏறத்தாழ மூன்று கிலோஹெர்ட்ஸ்தான். சித்திரை வெயிலில் மாடியில் பெட்டிக்குள் கிடக்கும் படிகம் இன்னும் எங்கே போகும் என்பதை அளந்து பார்ப்பது நல்லது. மென்பொருளில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லத்தக்க சில இடங்களுள் இது ஒன்று: விலகலைத் தொடர்ந்து பின்பற்றும் சுற்று நிரலிலேயே அமையும், எவ்வளவு விலகலைப் பின்பற்றவேண்டும் என்ற எண் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தால்.

எந்தப் பணியை எந்தச் சில்லுக்கு ஒதுக்குவது என்ற பங்கீட்டில் வேகத்தைவிடத் தாமதமே பெரும்பாலும் தீர்ப்புச் சொல்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒரு பொதியைப் பெற்ற கருவி 10 மைக்ரோநொடியில் ஒப்புகையை அனுப்பத் தொடங்கவேண்டும். யூஎஸ்பி வழியாக மாதிரிகள் கணினிக்குச் சென்று, இயக்கமுறைமையின் வரிசையில் காத்திருந்து, விடை திரும்புவதற்குள் அந்த அவகாசம் பலமுறை கடந்துபோயிருக்கும். கணினி எவ்வளவு வேகமானதாயினும் இதில் மாற்றமில்லை. ஆகவே அந்த ஒரு பணியையாவது, வாங்கிய பின்னரும் உள்ளமைப்பை மாற்றியெழுதத்தக்க தருக்கச் சில்லான எஃப்பிஜிஏவுக்குள் வைத்தாக வேண்டும். எல்டிஇ செல்பேசி நெறிமுறையிலோ, பெற்ற தரவுக்கான விடை நான்கு மில்லிநொடி கழித்தே அனுப்பப்படுகிறது. அந்த அவகாசம் இருப்பதால்தான் முழு எல்டிஇ அடிநிலையத்தையும் சாதாரணக் கணினியில் ஓடவைக்கும் கட்டற்ற மென்பொருள்கள் சாத்தியமாயின. இரண்டையும் ‘மென்பொருளால் ஆனது’ என்று ஒரே பெயரிட்டு அழைத்தாலும், ஒன்றில் நிரலை மாற்றச் சில நிமிடங்களும் மற்றொன்றில் எஃப்பிஜிஏ உள்ளமைப்பை மாற்றிச் சரிபார்க்கப் பல வாரங்களும் ஆகலாம். நெகிழ்ச்சிக்கு விலை உண்டு என்று மேலே சொல்லப்பட்டதன் பொருள் இங்கே தெளிவாகிறது. எனவே மாற வாய்ப்புள்ளவற்றை மாற்ற எளிய இடத்திலும், மாறாதவற்றை வேகமான இடத்திலும் வைப்பது பங்கீட்டின் முதல் விதியாகிறது. இரண்டும் முரண்படும் இடங்களே வடிவமைப்புக் கூட்டத்தின் நேரத்தைக் கோரத்தக்கவை.

பகுதிகளைப் பிரித்த பின் அவை சந்திக்கும் இடைமுகத்தை யார் வரையறுப்பது என்ற கேள்வி வருகிறது. ஜேடிஆர்எஸ் திட்டம் தோற்றாலும் அது விட்டுச்சென்ற எஸ்சிஏ என்னும் மென்பொருள் தொடர்புக் கட்டமைப்பு இன்றும் பயன்படுகிறது. அலைவடிவத்தை எழுதுபவரும் கருவியைச் செய்பவரும் வெவ்வேறு நிறுவனங்களாக இருக்கலாம் என்ற பிரிவினையை அது நிலைநாட்டியது. அதன் தொடக்கப் பதிப்புகள் கோர்பா என்னும் கனத்த இடைநிரலைக் கட்டாயமாக்கியதால் சிறிய கருவிகள் மூச்சுத்திணறின. 2012இல் வந்த 4.0 பதிப்பு அக்கட்டாயத்தைத் தளர்த்தியது. விண்கலங்களில் நினைவகமும் மின்சாரமும் அரிதாகையால், நாசா தனக்கென எஸ்டிஆர்எஸ் என்ற இலகுவான தரத்தை வகுத்துக்கொண்டு, 2012இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அனுப்பிய ஆய்வுக்கருவியில் மூன்று மென்பொருள் வானொலிகளை வைத்து, சுற்றுப்பாதையில் இருக்கும்போதே அவற்றின் அலைவடிவங்களை மாற்றிப் பல ஆண்டுகள் சோதித்தது. இந்தியாவிலும் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் முப்படைகளுடன் சேர்ந்து ஐஆர்எஸ்ஏ என்னும் இந்திய வானொலி மென்பொருள் கட்டமைப்பின் முதல் பதிப்பை 2025இல் வெளியிட்டுள்ளது. இத்துறையில் வேலைக்குப் போக விரும்பும் மாணவர்கள் அதைப் படித்துவைப்பது பயன்தரும். மாணவர் திட்டப்பணிக்கு இத்தகைய முழுக்கட்டமைப்பு வேண்டியதில்லை, அது வீண்சுமை. ஆனால் முன்முனையைச் செய்பவரும் நிரல் எழுதுபவரும் குழுவில் இருவேறு ஆட்கள் என்றால், மாதிரி வீதம், பிட் எண்ணிக்கை, முழு அளவுக்கு ஒத்த உள்ளீட்டு ஆற்றல், பெருக்கத்தை யார் எப்போது மாற்றலாம் என்பன எழுதப்பட்ட ஒற்றைத் தாள் அவர்களுக்கிடையே இருந்தாக வேண்டும். கடைசிப் புள்ளி அற்பமாகத் தோன்றும். இரு தரப்பும் தனித்தனியே தானியங்கிப் பெருக்கக் கட்டுப்பாட்டை எழுதிவைத்து, ஒன்றை ஒன்று துரத்தி ஊசலாடும் வாங்கிகளைக் கண்டவர்கள் அதை அற்பம் என்று சொல்லமாட்டார்கள்.

சரிபார்ப்பில் மென்பொருள் வானொலிக்கு மட்டுமே கிடைக்கும் ஒரு வசதி உண்டு, அது போதிய அளவு பயன்படுத்தப்படுவதில்லை. மாற்றியிலிருந்து வரும் மாதிரிகளை அப்படியே கோப்பில் சேமித்துவைத்தால், வானில் நடந்த ஒரு நிகழ்வை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். 8 பிட் டாங்கிள் நொடிக்கு 4.8 மெகாபைட் தருவதால், செயற்கைக்கோளின் கால் மணி நேரக் கடப்பு ஒன்றின் பதிவு சுமார் 4.3 கிகாபைட். நல்ல கடப்பு, தாழ்ந்த கடப்பு, பண்பலைக் குறுக்கீடு உள்ள கடப்பு என்று சிலவற்றைச் சேமித்து, நிரலில் ஒரு வரி மாறும்போதெல்லாம் அவை அனைத்தையும் மறுபடி ஓட்டி, கிடைத்த படச்சட்டங்களின் எண்ணிக்கை குறைந்ததா என்று தானாகவே ஒப்பிடும்படி அமைத்துவிட்டால், இயங்கிக்கொண்டிருந்தது எப்போது கெட்டது என்ற கேள்விக்கு உடனே விடை கிடைக்கும். ஆனால் இப்பதிவுகள் மாற்றிக்குப் பின்னால் உள்ளதை மட்டுமே சோதிக்கின்றன. பெருக்கியின் செறிவும் வடிகட்டியின் இழப்பும் குறிகையியற்றியையும் தணிப்பியையும் கொண்டு மேசைமேல் அளக்கப்பட வேண்டியவை. நிரலின் பதிப்பு, எஃப்பிஜிஏ உள்ளமைப்பின் பதிப்பு, பலகையின் பதிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஒரு கருவி என்று பதிவேட்டில் எழுதுவதும் இதன் பகுதியே. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2001இல் மென்பொருள் வானொலிக்கான விதிகளை முதன்முதலில் வகுத்தபோது எதிர்கொண்ட சிக்கலும் இதுதான்: சான்றளிக்கப்பட்ட பெட்டிக்குள் வேறு நிரல் ஏறினால் அது வேறு அலையை வீசக்கூடும். அலையை அனுப்பும் கருவியைச் செய்யவிருக்கும் குழுக்கள் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு வகுத்துள்ள விதிகளின்படி எந்தப் பட்டைக்கு உரிமம் வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதைப் பலகை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். உரிமம் இல்லாதவரை ஆன்டெனாவுக்குப் பதிலாகத் தணிப்பியையும் கேபிளையும் வைத்தே சோதனைகளை முடிக்கலாம்.

இறுதியாக, மதிப்பிடும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் ஆய்வுக்கூட்டத்தில் திரையில் ஓடும் அலைமாலையைக் காட்டச் சொல்வதைவிட, தேவைகள் எழுதப்பட்ட தாளையும் இணைப்புக் கணக்கையும் இடைமுகத் தாளையும் கேட்பது, மாணவர்கள் எதைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள் என்பதை உடனே காட்டிவிடும். கணக்கில் 7 டெசிபெல் என்று எழுதிவிட்டு அளவையில் 3 கண்ட குழு, விடுபட்ட 4 டெசிபெல் எங்கே போயிற்று என்று தேடி இன்வெர்ட்டரையோ துருப்பிடித்த இணைப்பியையோ சுட்டிக்காட்டினால், எதையும் கணக்கிடாமல் அழகிய மேகப்படத்தைக் கொண்டுவந்த குழுவைவிட அதற்குக் கூடுதல் மதிப்பெண் தருவதே முறை. வாய்மொழித் தேர்வு நாளில் செயற்கைக்கோள் தேர்வாளரின் வசதிக்கேற்பத் தலைக்குமேல் வராது என்பதால், படம் வரவில்லை என்று குறை சொல்வதும் பொருந்தாது. குறிகையியற்றியை மைனஸ் 102 டிபிஎம்முக்கு, அதாவது 25 பாகையில் எதிர்பார்த்த அளவுக்கு வைத்து, அதனோடு நகரத்தில் உள்ள அளவு இரைச்சலையும் பண்பலைப் பட்டையில் ஒரு வலுத்த குறிகையையும் சேர்த்துச் செலுத்தி, பிழையற்ற சட்டங்கள் எத்தனை என்று எண்ணச் சொன்னால் போதும்.